பெயருக்கு எத்தனை லட்சம்?

வாசகர் கேள்வி – பதில்

கார் வாங்குவது பற்றி எங்களுக்கு வந்த கடிதங்களில் பலவும், பெரிய பெயர் கொண்ட வண்டிக்கு ஏன் இத்தனை கூடுதல் விலை, அதை ஏன் மனிதர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன. எனவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: என் அத்தை மகன் 2024 டிசம்பரில் லெக்சஸ் இஎஸ் கார் வாங்கினார். அதுவும் டொயோட்டா கேம்ரியும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு, இரண்டும் கர்நாடகத்தில் ஒரே ஊரில்தான் பாகங்கள் சேர்த்துப் பூட்டப்படுகின்றன, இன்ஜின் அளவும் ஒன்றே என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்படியானால் அவர் பதினைந்து லட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்தது வெறும் பெயருக்குத்தானா? இதை அவரிடமே கேட்டால் மனம் வருந்துவார் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.
– வாசகர், ஈரோடு

பதில்: பெயருக்கும்தான், ஆனால் பெயருக்கு மட்டும் அன்று. தாங்கள் தெரிந்துகொண்ட செய்திகள் சரியானவை. பெங்களூருக்கு அருகே பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில்தான் கேம்ரியும், 2020 முதல் லெக்சஸ் இஎஸ் 300எச் வண்டியும் பூட்டப்படுகின்றன. இரண்டும் ஒரே அடித்தளக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் 2,487 சிசி பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றுகின்றன. 2024 டிசம்பரில் புதிய கேம்ரி இங்கே வந்தபோது அதன் எக்ஸ்-ஷோரூம் விலை 48 லட்சம் ரூபாய். அப்போது கடையில் இருந்த இஎஸ் வண்டிக்கோ 60 லட்சத்துக்கு மேல். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தருணத்தில் புதிய தலைமுறை ஹைப்ரிட் அமைப்பு விலை குறைந்த கேம்ரிக்குத்தான் முதலில் வந்து சேர்ந்தது. கேம்ரியின் திறன் 230 குதிரைச் சக்தி என்றால் இஎஸ்ஸின் திறன் 218 மட்டுமே.

கூடுதல் விலைக்குக் கையில் கிடைப்பது எதுவுமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம் கேம்ரியில் 2,825 மில்லிமீட்டர், இஎஸ்ஸில் 2,870 மில்லிமீட்டர். அந்த 45 மில்லிமீட்டரைப் பின்னிருக்கையில் கால் நீட்டி அமர்பவர் உணர முடியும். இருக்கைத் தோல், சத்தத்தை உள்ளே விடாத பூச்சுகள், ஒலிபெருக்கிகள், கடையில் கிடைக்கும் உபசரிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வரியையும் மறக்கக் கூடாது. அன்றைய நிலையில் இவ்வகை ஹைப்ரிட் கார்களுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸுமாகச் சேர்ந்து 43 சதவீதம் வரி இருந்தது. எனவே அவர் கூடுதலாகக் கொடுத்ததில் ஒவ்வொரு 15 லட்சத்திலும் நாலரை லட்சம் போல அரசாங்கத்துக்குச் சென்றிருக்கும். இவை அனைத்தையும் தாராளமாகவே கழித்தாலும், பொருளால் விளக்க முடியாத ஒரு தொகை மிச்சம் நிற்கும் என்பது என் கணிப்பு. தாங்கள் கேட்பது அந்த மிச்சத்தைப் பற்றித்தான்.

நகைக் கடைக் கணக்கை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சங்கிலியின் எடைக்கு உரிய விலை எந்தக் கடையிலும் அன்றைய தங்க விலைதான். அதன் மேல் செய்கூலி, சேதாரம் என்று ஏறுகிறது. ஒரே எடையும் ஒரே 916 முத்திரையும் கொண்ட சங்கிலியைப் பக்கத்துத் தெருவில் குறைந்த சேதாரத்துக்கு வாங்கலாம் என்று தெரிந்தும், ஊரறிந்த கடையின் பெட்டியில் வைத்துத்தான் மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் நம்மில் ஏராளம். கார் விலையிலும் உலோகம், வேலைப்பாடு, கடையின் பெயர் என்று மூன்றும் ஒரே பில்லில் கலந்து வருகின்றன. நகைக் கடையாவது சேதாரத்தைத் தனி வரியில் எழுதிக் காட்டுகிறது. கார்க் கடையில் அந்த வரி கிடையாது.

பெயரின் பங்கை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வமாகவே அமையும். அப்படி ஒன்று அமெரிக்காவில் அமைந்தது. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984-இல் கூட்டாக ஓர் ஆலையைத் தொடங்கின. எண்பதுகளின் இறுதியிலிருந்து அங்கே ஒரே தொழிலாளர்களின் கையால், உள்ளே ஏறத்தாழ ஒன்றேயான இரண்டு வண்டிகள் வெளிவந்தன. ஒன்றின் பெயர் டொயோட்டா கொரோலா, மற்றதன் பெயர் ஜியோ பிரிசம். கொரோலாவின் விலை அதிகம். இருந்தும் அதுவே கூடுதலாக விற்றது, பழைய வண்டிச் சந்தையில் விரைவாக விலை இறங்கியது பிரிசம்தான். இதில் ஆடம்பரம் எதுவும் இல்லை, இரண்டும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் சாதாரண வண்டிகள். அங்கே மக்கள் விலை கொடுத்தது நம்பிக்கைக்கு. பழுதான பொருளையும் நல்ல பொருளையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தை என்னவாகும் என்பதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து 1970-இல் விளக்கிய பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப், அதற்காகவே 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இன்ஜினைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாத நமக்கு, பெயர் என்பது நிறுவனம் நம்மிடம் வைத்திருக்கும் அடமானம் போன்றது. மோசமான வண்டியை விற்றால் அந்த அடமானம் முழுகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு என்று நம்பித்தான் நாம் பணத்தை நீட்டுகிறோம்.

ஆனால் தங்கள் அத்தை மகன் விஷயத்தில் இந்த விளக்கமும் போதாது. நம்பிக்கைதான் வேண்டும் என்றால் அது டொயோட்டா என்ற பெயரிலேயே வேண்டிய அளவு இருக்கிறது, இரண்டையும் செய்பவரும் ஒருவரே. பொருளையும் நம்பிக்கையையும் கழித்த பிறகு எஞ்சுவது பிறர் கண் மட்டுமே. திருமண மண்டப வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இது புரியும். சாதாரண வண்டிகளையெல்லாம் விசில் ஊதிப் பின்புற மைதானத்துக்கு அனுப்பும் காவலர், சில சின்னங்களைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முகப்பில் வாழைமரத்தை ஒட்டிய இடத்தைக் கைகாட்டுவார். அந்தக் காவலர் அந்த வண்டியை வாழ்நாளில் ஓட்டப் போவதில்லை. ஆயினும் அதன் சின்னத்தைப் படிக்கத் தெரிந்திருக்கிறார். செலவு செய்வதைப் பிறர் காணும்படி செய்வதே ஒரு தேவையாகிவிடுகிறது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டைன் வெப்லன் 1899-லேயே எழுதினார். சின்னத்துக்குப் பணம் கொடுப்பவர் வாங்குபவர். அந்தச் சின்னத்துக்கு மதிப்பைக் கொடுப்பவர்களோ அதை வாங்காத மற்றவர்கள். தங்கள் உறவினர் ஏமாந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மதிப்பால் தொழிலில் அவருக்குக் கதவுகள் திறக்கின்றனவா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: விலை உயர்ந்த காரின் கதவைச் சாத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும் என்கிறார் என் நண்பர். அது உண்மையான தரமா, காதை ஏமாற்றும் வித்தையா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் கலந்தது. விலை குறைந்த வண்டியின் கதவைச் சாத்தினால் எவர்சில்வர் தட்டைக் கீழே வைத்ததுபோல 'டங்' என்று ஓர் அதிர்வு எழுந்து அடங்கும். பெரிய வண்டியில் அரிசி மூட்டையை இறக்கி வைத்ததுபோல 'தொப்' என்று ஒரே ஓசையோடு நின்றுவிடும். காரணத்தை விரல் நுனியாலேயே கண்டுபிடிக்கலாம். கதவின் விளிம்பை வருடிக்கொண்டே போனால் பெரிய வண்டியில் ரப்பர் பட்டை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று ஓடும். வெளித்தகட்டின் நடுவில் விரல் மடக்கித் தட்டினால் ஓசை செத்துப்போயிருக்கும். உட்புறத்தில் தார் போன்ற கனத்த அட்டையை ஒட்டியிருப்பார்கள். பூட்டின் நாக்கு உலோகத்தோடு உலோகமாக மோதாமல் இருக்க அதற்கு உறை இருக்கும். மழையும் காற்றும் உள்ளே வராமல் காப்பதும் இவைதாம், வாங்க வந்தவர் காதுக்கு இனிமையாக ஒலிப்பதும் இவைதாம். பெரிய நிறுவனங்கள் இந்த ஓசையைப் பொறியாளர்களை அமர்த்தித் திட்டமிட்டே அமைக்கின்றன. ஷோரூமில் வாடிக்கையாளர் முதலில் தொடுவது கதவைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கதவை விட முக்கியமான இன்னொன்றைச் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த கார்களின் பழைய பெருமைக்கு உறுதியான அடிப்படை ஒன்று இருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ் அமைப்பை பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ்-கிளாஸ் வண்டியில் கொடுத்த ஆண்டு 1978. இந்தியாவில் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமானது 2019-இல். காற்றுப்பை எஸ்-கிளாஸில் வந்தது 1981-இல். மாருதி ஆல்ட்டோ கே10 போன்ற சிறிய வண்டியில் ஆறு காற்றுப்பைகள் வந்தது 2025-இல். அன்று பென்ஸ் வாங்கியவர் கொடுத்த கூடுதல் பணத்துக்கு, மற்றவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்துக் கிடைக்கவிருந்த உயிர்க்காப்பு கையோடு கிடைத்தது. அதைப் பகட்டு என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் அந்த இடைவெளி இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. பதினைந்து லட்ச ரூபாய் வண்டியில் கிடைக்கும் பாதுகாப்பும் குளிர்சாதனமும் திரையும் இருபது ஆண்டுகளுக்கு முன் அரைக்கோடி கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. இடைவெளி குறைந்த அளவுக்கு விலை வித்தியாசம் குறையவில்லை என்பதால், பெரிய வண்டியின் விலையில் பெயரின் பங்கு முன்பை விடக் கூடியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: நான் இயந்திரவியல் மாணவி. சாதாரண நிறுவனம் ஒன்று, உயர்தர நிறுவனத்துக்கு இணையான காரைச் செய்து குறைந்த விலைக்கு விற்றால் மக்கள் வாங்கத்தானே வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: வாங்கத்தான் வேண்டும் என்று உறுதியாக நம்பி அதைச் செய்து பார்த்தவர் ஃபெர்டினாண்ட் பியெச். ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் தலைவராக இருந்த அவர் அடிப்படையில் பொறியாளர், அதிலும் பிடிவாதக்காரர். அவர் திட்டமிட்ட ஃபேட்டன் என்ற காரை, வெளியே 50 டிகிரி வெப்பத்தில் நாள் முழுவதும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலும் உள்ளே 22 டிகிரி குளிர்ச்சி குறையாமல் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று என்று கூறுவார்கள். விற்பனைக்கு வந்த வண்டியின் வேகமோ 250 கிலோமீட்டரில் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தக் கார் 2002-இல் வந்தது. அதற்கென்றே ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரின் நடுவில் கண்ணாடிச் சுவர்களோடு ஓர் ஆலையைக் கட்டினார்கள். தரையில் எண்ணெய்க் கறைக்குப் பதில் மரப் பலகை பதித்திருந்தது, தொழிலாளர்கள் வெள்ளை உடையில் வேலை செய்தார்கள், உதிரி பாகங்கள் நகரத்துத் தெருக்களின் வழியே டிராம் வண்டியில் வந்து இறங்கின. ஆலையைப் பார்க்க வந்தவர்கள் வியந்தார்கள், வண்டியை ஓட்டிப் பார்த்த எழுத்தாளர்களும் பாராட்டினார்கள். ஆனால் அமெரிக்காவில் 65,000 டாலரை ஒட்டிய விலையில் தொடங்கிய அதை வாங்க ஆள் வரவில்லை. 2006-இல் அந்த நாட்டிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. 2016-இல் உற்பத்தியே நின்றது.

இதில் தாங்கள் கவனிக்க வேண்டிய பகுதி அடுத்து வருகிறது. அதே ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் கையில் பென்ட்லியும் இருந்தது. ஃபேட்டனின் அடித்தளத்தையும் அதன் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினின் வடிவமைப்பையும் எடுத்து, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இரண்டு டர்போக்களைச் சேர்த்து, மேலே வேறு உடல் போர்த்தி 2003-இல் கொண்டுவந்ததுதான் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி. விலை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர். பென்ட்லியின் விற்பனையையே தூக்கி நிறுத்திய வண்டி அது. அதன் நான்கு கதவு உறவான ஃப்ளையிங் ஸ்பர் சில காலம் அதே ட்ரெஸ்டன் கண்ணாடி ஆலையிலேயே பூட்டப்பட்டது. மரத் தரையும் வெள்ளை உடையும் இரண்டுக்கும் பொது. பென்ட்லி ஃபேட்டனை விட வேகமும் வேலைப்பாடும் கூடிய வண்டி என்பது உண்மைதான், ஆனால் ஃபேட்டன் தேங்கிக் கிடந்ததற்கு அது காரணம் அன்று. ஃபோக்ஸ்வேகன் என்ற சொல்லுக்கே ஜெர்மன் மொழியில் 'மக்கள் வண்டி' என்று பொருள். அத்தனை பணம் கொடுத்தவர் கோல்ஃப் விளையாட்டு மன்றத்தில் இறங்கும்போது, "நல்ல வண்டி, ஆனால் இது ஃபோக்ஸ்வேகன்தானே?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. விளக்கம் சொல்ல வேண்டிய பெருமைக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

டொயோட்டா இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. உலகின் மிகச் சிறந்த காரைச் செய்ய வேண்டும் என்று அதன் தலைவர் எய்ஜி டொயோடா 1983-இல் தொடங்கிவைத்த முயற்சி, 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் லெக்சஸ் எல்எஸ் 400 என்ற வண்டியாக வெளிப்பட்டபோது, அதன் மேல் டொயோட்டா என்ற பெயர் எங்கும் இல்லை. கடைகளும் தனி, விற்பனையாளர்களும் தனி. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, ஓரிரு வாடிக்கையாளர்கள் சொன்ன சிறு குறைக்காக விற்ற வண்டிகள் சுமார் 8,000-ஐயும் திரும்ப அழைத்து, பலருடைய வீட்டுக்கே சென்று எடுத்துவந்து, சரிசெய்து, கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இருபது நாட்களுக்குள் வேலை முடிந்தது. வேறு நிறுவனத்துக்கு அவமானமாக முடிந்திருக்கக்கூடிய ஒன்று, விற்பனைக்கு வந்து சில மாதங்களே ஆன பெயருக்கு முதல் சம்பாத்தியமாக அமைந்தது.

ஆனால் அதே எல்எஸ் 400 ஜப்பானில் டொயோட்டா செல்சியர் என்ற பெயரில்தான் விற்றது. 2005-இல்தான் லெக்சஸ் என்ற பெயர் அங்கே போனது. ஜப்பானியர்கள் கிரவுன், செஞ்சுரி ஆகிய டொயோட்டாக்களில் தங்கள் பெரிய மனிதர்கள் வந்து இறங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கே அந்தப் பெயரைப் பற்றி விளக்கம் கேட்பார் இல்லை. பெயரின் மதிப்பு வண்டியில் இல்லை, அதைப் பார்த்துப் பழகிய ஊரில் இருக்கிறது என்பதற்கு இதை விடத் தெளிவான சான்றை நான் அறியேன். எனவே பட்டம் பெற்று இத்துறைக்கு வரும்போது, விற்பனைப் பிரிவில் இருப்பவர்களைச் சற்று மரியாதையோடு நடத்துங்கள்.

கேள்வி: வண்டலூர் பக்கம் முன்பு தயாரான ஸ்டாண்டர்டு 2000 கார் நினைவிருக்கிறதா? எங்கள் தெருவில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். கப்பல் போல இருக்கும். அவ்வளவு அழகான வண்டி ஏன் காணாமல் போனது?
– வாசகர், தாம்பரம்

பதில்: நன்றாக நினைவிருக்கிறது, அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் நிறைந்திருந்த சாலையில் அது வந்தால் கழுத்தைத் திருப்பிப் பார்க்காதவர் இல்லை. அந்த அழகு பிரிட்டனிலிருந்து வந்தது. 1976-இல் ரோவர் நிறுவனம் வெளியிட்ட எஸ்டி1 என்ற வண்டி, 1977-இன் சிறந்த ஐரோப்பியக் கார் என்று தேர்வானது. அதன் உடலைத்தான் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் இங்கே கொண்டுவந்தது. ஆனால் பிரிட்டனில் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினோடு பெயர் வாங்கிய அந்த உடலுக்குள் இங்கே வைத்தது, பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்து 1,991 சிசி இன்ஜினை. கனமான வண்டியை அதனால் இழுக்க முடியவில்லை, பெட்ரோலையும் வேண்டிய மட்டும் குடித்தது. பெரும் பணம் கொடுத்தவர்கள் மேம்பாலம் ஏறும்போது அம்பாசிடருக்கு வழிவிட நேர்ந்தது. 1988-இல் உற்பத்தி நின்றது.

இதே தவற்றைப் பணத்துக்குப் பஞ்சமே இல்லாத அமெரிக்காவிலும் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் உச்சியில் இருந்த பெயர் கேடிலாக். 1982 மாடலாக வந்த கேடிலாக் சிமரான், உண்மையில் அதே குழுமத்தின் மலிவான செவ்ரோலே கேவலியருக்குத் தோல் இருக்கையும் வேறு முகப்பும் சேர்த்த வண்டி; விலையோ பல ஆயிரம் டாலர் கூடுதல். வாங்குபவர்கள் அதைக் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆகவில்லை. 1988-இல் சிமரானை நிறுத்திவிட்டார்கள், ஆனால் அது கேடிலாக் என்ற பெயரில் விட்டுச்சென்ற கறை போக இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. சின்னத்தைப் பார்த்து மதிக்கும் அதே ஊர்தான் ஏமாற்றைக் கண்டதும் சிரிக்கவும் செய்யும்.

ஸ்டாண்டர்டு நின்றுபோன அதே ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலையில் தெற்கே சென்றால், செங்கல்பட்டுக்கு முன் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார்களைப் பூட்டுகிறார்கள். தாங்கள் தாம்பரத்தில் இருப்பதால் பார்த்திருக்கவும் கூடும்.

கேள்வி: கிரிக்கெட் ஆட்டத்துக்கு நடுவே கோடி ரூபாய் காருக்கு விளம்பரம் வருகிறது. பார்ப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவரும் வாங்க மாட்டார். பணத்தை ஏன் வீணாக்குகிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வீணில்லை. மேலே மண்டபக் காவலரைப் பற்றிச் சொன்னேன். அந்த விளம்பரம் அவருக்காக. அவருக்கும் தங்களுக்கும் எனக்கும் அந்தச் சின்னம் தெரியாவிட்டால், வாங்கக்கூடிய அந்த ஒருவர் அதற்கு ஏன் கோடி ரூபாய் கொடுக்கப் போகிறார்?

இதன் மறுபக்கத்தையும் நம் நாட்டிலேயே பார்த்துவிட்டோம். 2008 என்ற ஒரே ஆண்டில் டாடா மோட்டார்ஸ் இரண்டு காரியங்களைச் செய்தது. ஜனவரியில் தில்லிக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோவை அறிமுகப்படுத்தியது. ஜூனில் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. ஜாகுவார் லேண்ட் ரோவர் பல ஆண்டுகள் டாடாவுக்குப் பெரும் வருவாயை ஈட்டித் தந்தது. நானோ 2018-இல் நின்றுபோனது. நானோவில் குறைகள் இருந்தன, தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பிடித்ததும் உண்மை. ஆயினும் அதைச் சாய்த்ததில் பெரும் பங்கு, 'மிக மலிவான கார்' என்று நாடு முழுவதும் பரவிய பெயருக்கு உண்டு. ரத்தன் டாடாவே பின்னாளில் அந்த முத்திரை விழுந்ததை எண்ணி வருந்தினார். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறும் குடும்பம், தான் உயர்ந்ததைத் தெரு பார்க்க வேண்டும் என்று விரும்பியது. தெருவோ அந்தக் காரைப் பார்த்ததும் விலையைச் சொன்னது. கோடி ரூபாய்க் காரை வாங்குபவருக்கும் லட்ச ரூபாய்க் காரை மறுத்தவருக்கும் இந்த இடத்தில் வேறுபாடு இல்லை.

கேள்வி: ஏழு ஆண்டு ஓடிய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்று, புதிய மாருதி பெலினோ விலைக்கு வருகிறது. வீட்டில் பெலினோ போதும் என்கிறார்கள். எனக்கு ஆசை விடவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், சேலம்

பதில்: அந்த வண்டி ஏன் இவ்வளவு விலை இறங்கியது என்பதற்கும் நகைக் கணக்கே விடை. சங்கிலியைத் திரும்ப விற்கப் போனால் தங்கத்துக்குப் பணம் கிடைக்கும். செய்கூலி, சேதாரம் திரும்பாது. முதலில் வாங்கியவர் பெயருக்குக் கொடுத்த தொகை அவரோடு கரைந்துவிட்டது. அந்த வகையில் தங்களுக்கு லாபம்தான். ஆனால் வண்டியின் விலை இறங்கியதே தவிர, அதன் உதிரி பாகங்களின் விலை இறங்கவில்லை. அறுபது லட்ச ரூபாய் வண்டியின் பாகத்தை எட்டு லட்சத்துக்கு வண்டி வாங்கியவர் மாற்ற வேண்டியிருக்கும்.

என் நண்பர் ஒருவர் இதே ஆசையில் வாங்கினார். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே வேண்டாம். சாலை அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பு காற்றழுத்தத்தில் இயங்கும் வண்டி. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தபோது, முன்பக்கம் இடது மூலை தரையோடு அமுங்கி, எழுந்திருக்க மனமில்லாத மாடு போலப் போர்ட்டிகோவில் சாய்ந்து கிடந்தது. பத்து ஆண்டுகளாக அவர் வீட்டு வண்டிகளைப் பார்த்துவந்த மெக்கானிக் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "இதுக்கு ஸ்கேனர் வேணும் சார், நம்மகிட்ட இல்ல" என்று டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு போனார். அதிகாரபூர்வ சர்வீஸ் நிலையம் அடுத்த மாவட்டத்தில். பாகம் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்த பில்லுக்குப் புதிய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கியிருக்கலாம். அந்த மூன்று வாரமும் அவர் ஆபீசுக்குப் போனது மனைவியின் ஸ்கூட்டரில்.

தங்களுக்கு ஆசை இன்னும் விடவில்லை என்றால், முழு சர்வீஸ் பதிவேடு இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். சேலத்துக்கு அருகே அந்த வண்டியைப் பார்க்கத் தெரிந்த, ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க் ஷாப் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் காப்பீடு (ஜீரோ டெப்ரிசியேஷன்) பழைய வண்டிகளுக்குக் கிடைப்பது கடினம் என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்து ஒரு முன்விளக்கு, ஒரு டயர், ஒரு பக்கக் கண்ணாடி ஆகிய மூன்றின் விலையை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வீட்டில் காட்டிய பிறகு முன்பணம் கொடுங்கள்.